சணப்புப் பூவில் வந்த பூச்சி

அன்பு மகள் யூஜினியாவுக்கு,

முறுக்குப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி.

இன்று காலை நாச்சியாபுரத்து வயலில், சணப்புப் பூக்களுக்கு நடுவே ஒரு பூச்சி பறந்தது. வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினார்.

"பட்டாம்பூச்சி பின்னால எங்குட்டு ஓடுறீக?" என்றேன்.

"இது பட்டாம்பூச்சி இல்ல, அந்துப்பூச்சி! பட்டப்பகல்லயே பறக்குது பாரு. யூஜினியா இதைத்தானே படிச்சா, அவளக் கேட்டாத் தெரியும்" என்றார்.

உன் கல்யாணம் முடிந்த இந்த இரண்டு வருடத்தில் உன் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது இன்றுதான். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிடும்போது அவராகவே உன் நம்பரைக் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அழைப்பார். பூச்சியின் பெயரை உடனே சொல்லிவிடாதே. கொஞ்ச நேரம் பேசட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா