தலைகீழ்க் குத்துவிளக்கு

என் கஸ்தூரிக்கு,

சோறு வடித்தாகிவிட்டது. இன்றைக்குக் குழையவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் வழக்கம்போல நீயே திருத்திப் படித்துக்கொள்.

முதலில் செய்தி. நம் மீனா பச்சை குத்தக் கற்றுக்கொள்கிறாள். சுங்குவார்சத்திரம் கம்பெனியில் லைன் வேலையை விடவில்லை. வார லீவில் மட்டும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாட்டூ கடைக்குப் போகிறாள். கற்றுக்கொடுக்கிற பெண் இவளைவிட இரண்டு வயது சின்னவள். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது? தொண்ணூற்றொன்றில் நான் அடித்த கூத்துக்குச் சாட்சி உன் கையிலேயே இருந்ததே.

நமக்குக் கல்யாணமான வருஷம் அது. ஊர்த் திருவிழாவில் ஒருவர் பேட்டரி மெஷின் வைத்துப் பச்சை குத்திக்கொண்டிருந்தார். ஊசி எப்படி அவ்வளவு வேகமாக மேலும் கீழும் போகிறது என்று பார்க்க அவர் பக்கத்திலேயே குந்திவிட்டேன். தேர் நம்மைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாது. “இன்னாய்யா, சாமிய பாக்க வந்தியா, ஊசிய பாக்க வந்தியா?” என்று கேட்டாய். இரண்டாவதுதான் என்று சொல்லப் பயமாக இருந்தது.

ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவனுக்கு மோட்டாருக்கா பஞ்சம்? பழைய டேப்ரிகார்டர் மோட்டார் ஒன்று, காலிப் பேனா ஒன்று, ஊசி. ஒரு வாரத்தில் மெஷின் ஓடியது. முதலில் வாழைக்காயில் குத்திப் பழகினேன். மை பட்ட காயை வறுக்க மாட்டேன் என்று நீ தூக்கி எறிந்தாய். அப்புறம் என் தொடையிலேயே ஆரம்பித்தேன். முதல் கோடு, புண் ஆறிப் பொருக்கு உதிரும்போது கூடவே உதிர்ந்துவிட்டது. ஆழம் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த கோட்டை அழுத்திப் போட்டேன். அது உள்ளே கசிந்து பூரான் மாதிரி தடித்து நின்றது. இன்னும் நிற்கிறது.

மேலே வைத்தால் உதிர்கிறது, கீழே வைத்தால் கசிகிறது. நடுவில் ஒரு தாளின் கனத்துக்குத்தான் இடம். அந்த இடத்தை என் விரல் ஒருநாள் தானாகவே கண்டுபிடித்தது. அதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம். தோல் தினமும் தேய்ந்துகொண்டே இருக்கிறது, படம் மட்டும் எப்படி அப்படியே நிற்கிறது? பலரைக் கேட்டேன். வேலையைப் பார் என்றார்கள்.

பிறகு நீயே கையை நீட்டினாய். “போற அன்னிக்கு மூக்குத்திய கூட கழட்டிக்குவாங்க. பச்ச ஒண்ணுதான் கூட வரும். எனக்கு ஒரு குத்துவெளக்கு போடு” என்றாய். முக்காலியில் உன் கையை நீட்டி வைத்து, எதிரே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினேன். மையைத் துடைத்தால் ஐந்து சுடரும் அம்சமாக நின்றன. நீ கையை உன் பக்கம் மடக்கிப் பார்த்தாய். பாதம் மேலே, சுடர் கீழே. எதிரே உட்கார்ந்து வரைந்த எனக்குத்தான் விளக்கு நேராக இருந்தது.

“யோவ், ஊருக்கெல்லாம் வெளக்கு எரியுது. எனக்கு மட்டும் எண்ண கொட்டுதுய்யா.”

அன்றைக்கே மெஷின் பரணுக்குப் போனது. நீதான் கதையை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கையைக் காட்டுவாய், அப்புறம்தான் தண்ணீர். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஒன்றை உன்னிடம் கேட்டதே இல்லை. உனக்கு உள்ளுக்குள் வருத்தமாக இருந்ததா? கடைசி வரை கூட வரவேண்டும் என்று ஆசையாகக் கேட்ட ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேனே?

நீ சொன்ன மாதிரியே மூக்குத்தியைக் கழற்றினார்கள். கையை நீட்டி வைத்திருந்தார்கள். நான் உன் கால்மாட்டில் நின்றேன். அப்போதும் விளக்கு எனக்கு நேராக எரிந்தது. இவளை இப்படியே அனுப்புகிறோமே என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் மீனா, ரப்பர் தோலில் பழகிவிட்டேன், இனி ஆள் தோல் வேண்டும் என்றாள். என் கை சும்மாத்தானே இருக்கிறது, அம்மாவின் விளக்கையே போடு என்றேன். உன் போட்டோவைப் பார்த்து வரைந்து, என் முன்னங்கையில் அச்சு ஒட்டி எடுத்தாள். பார்த்தால் சுடர் என்னைப் பார்த்துத் தொங்குகிறது. பரம்பரைத் தப்பு என்று நினைத்து, திருப்பி வை என்றேன்.

“இல்ல நைனா. கையத் தொங்கப்போட்டா பாக்கறவங்களுக்கு நேரா தெரியணும். மொத நாளு கத்துக்குடுக்கறதே இதான். அம்மாவுக்கு நீ கரெக்டாதான் போட்டுகிற.”

கேட்டாயா கஸ்தூரி? இத்தனை வருஷ வழக்கில் தீர்ப்பு என் பக்கம். “இந்தாடி, கேட்டியா” என்று சமையலறைப் பக்கம் திரும்பியே விட்டேன். ஜெயித்தவனுக்குத் தோற்றவள் எதிரே இருக்கவேண்டாமா?

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. காலையிலும் சாயங்காலமும் நீ காப்பி டம்ளரை நீட்டும்போதெல்லாம் அந்த விளக்கு என்னைப் பார்த்து நேராகத்தான் எரிந்திருக்கிறது. வேறு யாரிடமாவது போய்ச் சரியாக ஒன்று குத்திக்கொள் என்று நான் எத்தனை தரம் சொன்னேன். நீ போகவே இல்லை. ஏன்? தெரிந்துதான் வைத்திருந்தாயா?

மீனா பஞ்சை எடுத்துக்கொண்டு, அச்சுதான், துடைத்தால் போய்விடும் என்றாள். “தெனம் பாக்கப்போறது நீதான. உனக்கு நேரா வெச்சிடட்டா? எதிர்ல யாரு குந்தப்போறா?”

“இப்டியே இருக்கட்டும்மா” என்றேன். அவளும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு ஊசியைப் போட்டாள். மூன்றாவது சுடர் கொஞ்சம் பூரான் ஆகிவிட்டது. என் மகள்தான், சந்தேகமே இல்லை.

என் முறை வரும்போது வாட்சைக் கழற்றிக்கொள்வார்கள். விளக்கு வரும். நான் அங்கே வந்ததும் உன் எதிரே உட்கார்ந்து கையை நீட்டுவேன், இது சத்தியம். உனக்கு நேராக எரியும். எண்ணெய் கொட்டுகிற பக்கத்தை இந்தத் தடவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
மீனாவின் நைனா,
மண்ணூர்.