நோர்மா ஆன்ட்டியின் பெயர்

ஆயர் ஈத்தாம்,
8 செப்டம்பர் 2025

அடியே ஷாஹிரா,

நலமா என்று கேட்டால், "பின்ன செத்தா போயிட்டேன்?" என்பாய். அதனால் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரிக்கு மேல் எழுதினால் நீ படிப்பதில்லை. கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போகிற தொழிற்சாலையில் சேர்ந்தாயே, ஜொகூரில் உனக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா? அதனால் பழையபடி நீள மின்னஞ்சல். தமிழ்ப்பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருத்திக்கு ஒருத்தி கடிதம் எழுதியவர்கள்தானே நாம்.

சேதி என்னவென்றால், எங்கள் இதழியல் வகுப்பில் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு வலைப்பூ தொடங்க வேண்டும். வரும் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெளியீடு. எத்தனை பேர் வந்து படிக்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஃபிக்ரி மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி எழுதுகிறான். நூர் ஃபாத்திஹா ஜார்ஜ் டவுன் பூனைகளைப் பற்றி. என் வலைப்பூவின் பெயர் 'ஜெலுத்தோங் அடுப்பு'. பாடம் எடுக்கிற மோகனராஜ் சார் மலாய்மொழியில்தான் எழுத வேண்டும் என்றுவிட்டார். நான் தமிழிலும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், அது உனக்காக.

முதல் பதிவு யாரைப் பற்றி தெரியுமா? உன் அம்மா! போன ஞாயிறு காலையிலேயே பஸ் பிடித்து ஜெலுத்தோங்கில் உங்கள் ஃபிளாட்டுக்குப் போனேன். ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததுமே மிளகாய் நெடி. மூன்று முறை தும்மினேன். நோர்மா ஆன்ட்டி மல்லியும் மிளகாயும் வறுத்துக்கொண்டிருந்தார். மில்லில் அரைத்து வந்ததும் காதர் அங்கிளின் சாப்பாட்டுக் கடைக்கு மசாலா கலக்க வேண்டுமாம். எழுதட்டுமா என்று கேட்டேன். "காலேஜ் பாடத்துக்குத்தானே? எழுதிக்கோ மா. யாரு படிக்கப் போறா? ஆனா கடைப் பேரும் எம் பேரும் வேணாம்" என்றார். கூச்சம் பார்!

எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர் போடாமல் படித்தால் உப்பில்லாமல் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக பினாங்கே நக்கிச் சாப்பிடுகிற குழம்புக்கு மசாலா கலக்குகிற கை, அது யாருடைய கை என்று சொல்லாமல் எப்படி விடுவது? நீதான் சொல்ல வேண்டும். போடவா, வேண்டாமா?

ஜனவரியில் நீ எங்கள் கல்லூரியில் சேர்ந்ததும் உனக்கும் ஒரு வலைப்பூ காத்திருக்கிறது. என் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.

உன்
லோகேஸ்


ஜொகூர் பாரு,
11 செப்டம்பர் 2025

லோகேஸ்,

வேலை முடிந்து திரும்புகிற பஸ்ஸில் படித்தேன். பக்கத்து சீட் அக்கா, "ஏன் தங்கச்சி அழுவுற, வீட்ல யாருக்காச்சும் ஏதும் ஆயிடுச்சா?" என்று கேட்டு டிஷ்யூ கொடுத்தார். என் மானத்தை வாங்கிவிட்டாய்.

அம்மா வலது கையால் கிளறிக்கொண்டே இடது கையால் புகையை ஜன்னல் பக்கம் தள்ளுவார் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கே தெரியாது. இத்தனை வருடம் கூட இருந்தும் நான் பார்க்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லாமல் மூடியைத் திறக்க மாட்டார் என்பதையும் விடவில்லை நீ. கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன், ரொம்ப ஆடாதே.

பெயரைப் போடு. கடைப் பெயரையும் போடு. அம்மா அப்படித்தான் வேண்டாம் என்பார். பெருநாளுக்குப் புதுத்துணி வேண்டுமா என்று கேட்டாலும் வேண்டாம்தான். வாப்பா போன பிறகு அந்தப் புகையில் நின்று என்னை வளர்த்தவர். ஜனவரியில் நான் காலேஜுக்கு வரப்போவதும் அந்த மசாலாவை நம்பித்தான். ஊர் ஒரு தடவை அவர் பெயரைச் சொல்லட்டும் லா. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

நாற்காலியைத் துடைத்து வை.

உன்
ஷாஹிரா


ஆயர் ஈத்தாம்,
22 செப்டம்பர் 2025

என் தங்கமே ஷாஹிரா,

இதைக் கேளடி! வெள்ளிக்கிழமை கணினிக் கூடத்தில் கறிபாப் பலகாரமெல்லாம் வாங்கி வைத்து, சார் மூன்று எண்ணியதும் பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினோம். சாயங்காலம் வரை என் பக்கத்துக்கு முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அதில் இருபது தடவை என் அம்மா. ஃபிக்ரிக்கு நூற்றைம்பது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், படவா.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், ஆறாயிரம். சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் போடுகிற பெரிய பக்கம் ஒன்று, நான் எடுத்துப் போட்ட ஆன்ட்டியின் படத்தோடு என் பதிவை எடுத்துப் போட்டிருக்கிறது. இன்று நாற்பதாயிரம் தாண்டிவிட்டது! "நோர்மா அம்மாவின் கைக்கு முத்தம்" என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். சார் வகுப்பில் என் பதிவைத் திரையில் போட்டுப் பாடம் நடத்தினார்.

ஆன்ட்டிக்கு இரண்டு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. வேலையாக இருப்பார். பெயர் போட்ட விஷயத்தைச் சொல்லிவிட்டாய்தானே? என்ன சொன்னார்? வெட்கப்பட்டாரா?

உன்
லோகேஸ்


ஜொகூர் பாரு,
26 செப்டம்பர் 2025

லோகேஸ்,

முதலில் அந்தப் பதிவை எடுத்துவிடு. மீதியைப் பிறகு படி.

எடுத்துவிட்டாயா?

புதன்கிழமை அம்மா மசாலா கலந்து டின்னில் போட்டு வைத்திருக்கிறார். எடுத்துப் போகக் கடை மோட்டார் சைக்கிள் வரவில்லை. மதியம் காதர் அங்கிளே ஃபோன் செய்து, இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கத்தவில்லையாம். "மன்னிச்சுக்க நோர்மா" என்றாராம். எனக்கு நேற்று உணவு நேரத்தில்தான் தெரியும். அம்மா அழுததை நான் கடைசியாகக் கேட்டது வாப்பாவை அடக்கம் செய்த ஜனாஸாவில்.

கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'எங்கள் மசாலா, எங்கள் கடையிலேயே.' நூறு தடவை அதன் கீழே நின்று சாப்பிட்டிருக்கிறோம். இந்தத் தொழிலில் மசாலா கலக்குகிறவர் பெயரை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஃபிளாட் முழுக்கத் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அம்மா கூச்சத்தில் வேண்டாம் என்று சொல்லவில்லையடி. நாம்தான் அப்படி நினைத்துக்கொண்டோம்.

அந்த டின் கூடத்தில் அப்படியே இருக்கிறதாம். ஏதாவது செய், லோகேஸ். எனக்கு இங்கே லீவு தர மாட்டேன் என்கிறார்கள்.

ஷாஹிரா


ஆயர் ஈத்தாம்,
30 செப்டம்பர் 2025

ஷாஹிரா,

உன் மடல் வந்த ஐந்தாவது நிமிடம் எடுத்துவிட்டேன். ஆனால் என் பக்கத்தில் மட்டும்தான் அது இல்லை. மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தப் பெரிய பக்கத்துக்கு நான்கு தடவை எழுதிக் கெஞ்சினேன். "அருமையான கதைக்கு நன்றி" என்று ஒரு இதயப்படம் அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

காதர் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், ஆனாலும் வரிசை இல்லை. 'நோர்மாவுக்கு நியாயம் வேண்டும்' என்று எவனோ கிளப்பிவிட்டு, அந்தக் கடையில் சாப்பிடாதீர்கள் என்று வேறு பரப்புகிறார்கள். யாரடி இவர்கள்? ஆன்ட்டியை ஒரு நாள் பார்த்திருப்பார்களா?

காதர் அங்கிள் திட்டியிருந்தால் தேவலாம். ஒரு கிளாஸ் தே தாரே டீ வரவழைத்துக் கொடுத்தார். "ஹலால் சான்றிதழுக்குக் குடுத்த தாள்ல மசாலா கடையிலயே செய்யிறோம்னு இருக்கு மா. நான்தான் எழுதிக் குடுத்தேன், தப்பு என்னுதுதான். இப்ப ஹலால் ஆபீஸ்லேருந்து ஃபோன் போட்டுக் கேக்குறாங்க. நோர்மா கை சுத்தம் எனக்குத் தெரியாதா? பத்தொம்பது வருசமா தின்னுக்கிட்டு இருக்கேன் லா. ஆனா தாள்ல அது இல்லியே. சான்றிதழ் போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான். பதினாலு பேரு வேலை செய்யிறாங்க."

"நான் எழுதியது பொய் என்று போட்டுவிடட்டுமா அங்கிள்?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். அழுகிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

மோகனராஜ் சாரிடம் போனேன். திருத்தம் போட வேண்டும் என்றேன். "நீ எழுதினதுல எது தப்பு?" என்றார். எதுவும் தப்பில்லை என்றேன். "அப்ப எதைத் திருத்தப் போற?" என்று கேட்டுவிட்டு, மதிப்பெண் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து ஆன்ட்டியின் காலில் விழட்டுமா? வரட்டுமா, சொல்.

லோகேஸ்


ஜொகூர் பாரு,
14 அக்டோபர் 2025

லோகேஸ்,

வராதே.

இதை எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. வீட்டு நிலைமையை முதலில் சொல்கிறேன். யார் யாரோ ஒன்பதாவது மாடிக்கு ஏறி வந்து, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மசாலா கேட்கிறார்களாம். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் வியாபாரம் செய்யக் கூடாது என்று ஃபிளாட் நிர்வாகம் கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார். அடுப்பே பற்ற வைப்பதில்லை. பக்கத்து வீட்டு நல்லம்மாள் பாட்டிதான் சோறு கொண்டுவந்து கொடுக்கிறார்.

காலேஜுக்கு ஜனவரியில் வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். இங்கேயே ஓவர்டைம் கேட்டிருக்கிறேன். அந்த நாற்காலியில் யாரையாவது உட்காரச் சொல்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது. அம்மா என்னிடம் கேட்டார். "பேரு போட வேணாம்னு சொன்னேனே, அந்தப் புள்ள ஏன் போட்டுச்சு? உனக்குத் தெரியுமா?" நான் தெரியாது என்றுவிட்டேன். அம்மா அழுதுகொண்டிருந்தார், லோகேஸ். பெயரைப் போடச் சொன்னதே நான்தான் என்று வாய் வரை வந்தது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று உனக்கு எழுதினேனே, அதையும் சொல்லவே இல்லை. அந்த வாரம் மறந்துபோனேன். பிறகு பயந்துபோனேன். அம்மாவுக்கு இப்போது இருப்பது நான் ஒருத்திதான். என்னையும் இழந்துவிட்டால் அவர் என்ன ஆவார் என்று நினைத்தேன். இல்லை, அதுகூட பொய். அம்மா என்னை வெறுத்துவிடுவாரோ என்றுதான் பயம்.

நீதான் யாரையும் கேட்காமல் போட்டாய் என்று அம்மா நம்புகிறார். அப்படியே இருக்கட்டும் என்று உன்னிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் கேட்கிறேன். திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

ஷாஹிரா


ஆயர் ஈத்தாம்,
23 அக்டோபர் 2025

ஷாஹிரா,

வராதே என்று நீ சொன்னபடி இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். தீபாவளியன்று என் அம்மா வழக்கம்போல முறுக்குத் தட்டைக் கையில் கொடுத்து, "நோர்மா அக்கா வீட்டுக்குக் குடுத்துட்டு வா" என்றார். பதிவுக்குப் பிறகு நடந்த எதையும் அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. புதுப்பாவாடை தாவணியோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

ஆன்ட்டி கதவைத் திறந்தார், கம்பிக் கேட்டைத் திறக்கவில்லை. இளைத்துவிட்டார். வீட்டில் எந்த வாசனையும் இல்லை. மன்னிப்புக் கேட்க எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அழுதேன். அவர் அழவில்லை.

"ஒன்னே ஒன்னு கேக்குறேன் லோகேஸ், உண்மையச் சொல்லு. என் மகளுக்கு இது தெரியுமா? அவகிட்ட கேட்டியா?" என்றார்.

உன் மீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது தெரியுமா? பஸ்ஸில் வரும்போதுகூட, கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். உன் மடல் கைப்பேசியில் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும்.

"இல்ல ஆன்ட்டி. நானாத்தான் போட்டேன்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, ஷாஹிரா. அதை நீ பார்த்திருக்க வேண்டும். "அதானே. எம் புள்ள அப்படிச் சொல்ல மாட்டா" என்றார். பிறகு கம்பி வழியாகவே மெதுவாகச் சொன்னார்: "இனிமே வராத மா. உன்னப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது. உன்ன நான் தூக்கி வளத்திருக்கேன். உன்மேல ஆத்திரப்பட எனக்குப் புடிக்கல."

முறுக்கை நல்லம்மாள் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாரிடம் என் வலைப்பூவை மூடிவிட்டேன் என்று சொன்னேன். இன்னும் நான்கு பதிவு எழுத வேண்டும், இல்லாவிட்டால் பாடத்தில் தோல்வி என்றார். சரி சார் என்றேன். ஒருவர் பெயரை எழுத நினைத்தாலே கை ஓடவில்லை. ஃபிக்ரி தன் ஸ்டிக்கர் பதிவில் ஒன்றை எனக்குத் தருகிறேன் என்கிறான், பாவம்.

உனக்கும் இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திட்டி எழுதச் சொன்னாய். திட்டவும் வரவில்லை. ஆண்டிறுதி விடுமுறைக்குப் பயப்படாமல் வீட்டுக்கு வா. உன் அம்மா உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஜெலுத்தோங் பக்கம் வரமாட்டேன்.

லோகேஸ்வரி