சீட்டில் ஐந்தாவது வரி

1964 பிப்ரவரி 3, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. அந்தமானில் எங்கள் பாம்பூஃப்ளாட் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி.

இது முதல் பக்கம். அறுபத்திரண்டு வயதில் முதல் நோட்டு. மாலை வகுப்பு டீச்சர் கொடுத்தது. "தினமும் நாலு வரி எழுதுங்க ஐயா. யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார். ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. ஆகட்டும்.

முந்தாநாள் அக்காவின் கடிதம். ஊரில் யாரோ எழுதிக் கொடுத்தது. நானே படித்தேன். பேச்சி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள், முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவனை இன்றுதான் பார்ப்பது போல. அக்கா இருபதாம் தேதிக் கப்பலில் வருகிறாள். "தம்பி துறைமுகத்துக்கு வந்து நிற்கணும். எனக்கு இந்தி தெரியாது."

கப்பல் எதிர்க்கரை ஹேடோ துறைமுகத்துக்கு வரும். அங்கே போக இந்தக் கரையில் ஃபெர்ரி ஏற வேண்டும். அதுதான் சங்கடம். ஹேடோவில் பதினாலு வருஷம் மூட்டை இறக்கிய முதுகு. முழங்கால் இரண்டும் அதற்குக் கூட்டாளி. போன தீபாவளிக்கு இரண்டு பேர் தூக்கித்தான் என்னைப் படகில் வைத்தார்கள். "சாவல் கா போரா" என்று ஒருவன் சிரித்தான். அரிசி மூட்டை. நான் தூக்கிய மூட்டைகளும் அன்று சிரித்திருக்கும்.

இந்தத் தடவை என் காலால் ஏறணும்.

பிப். 4, செவ்வாய்

டிஸ்பென்சரி. டாக்டர் பாபு வங்காளி. முதுகைத் தட்டினார், முட்டியை மடக்கினார். தேய்ந்த எலும்பு திரும்ப வளராதாம். ஆனால் சுற்றியுள்ள சதையைப் பலப்படுத்தலாமாம். "கஸ்ரத் கரோ பாபா. தீரே தீரே." உடற்பயிற்சி செய், மெல்ல மெல்ல.

அவர் சொன்னதைக் கம்பவுண்டர் செல்லையா தமிழில் எழுதினார். வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். "வேண்டாம் தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியும்." இதைச் சொல்வதற்காகவே இன்னொரு நாள் போகலாம்.

சீட்டில்:
1. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் கொண்டுவரவும். பத்து எண்ணவும். பிறகு மறு கால்.
2. பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை மெல்ல நீட்டவும்.
3. சமதரையில் நடக்கவும்.
4. குனிந்து எதையும் தூக்கக் கூடாது.
5. வலித்தால் நிமிர்த்தவும்.

சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டினேன்.

பிப். 5, புதன்

பாயில் பயிர்ச்சி. டீச்சர் திருத்தினார்: பயிற்சி. ர் அல்ல, ற். பயிர் வயலில், பயிற்சி பாயில். நோட்டைக் காட்டவில்லை, சிலேட்டில்தான்.

இனிமேல் வ. என்றால் வலி. முழுதாக எழுதினால் நேரம் ஆகிறது.

கால் மடக்கல் ஐந்து. வ. வந்தது. சீட்டுப்படி முதுகை நிமிர்த்தினேன். வ. கூடியது. இன்னும் நிமிர்த்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பேச்சி: "ஏங்க, இது வைத்தியமா, தண்டனையா?"

"சீட்டுல போட்டிருக்கு."

"சீட்டுக்கா வலிக்குது?"

பிப். 7, வெள்ளி

எழுந்திருக்க முடியவில்லை. முதுகு பலகை. ஒருக்களித்துப் படுத்து எழுதுகிறேன், எழுத்தும் ஒருக்களித்துப் படுக்கிறது. வகுப்பு இல்லை. நடை இல்லை.

"நானே போய் மதினியைக் கூட்டிட்டு வாரேன். நீங்க கெடங்க" என்றாள் பேச்சி. அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் 'கெடங்க'. அது முதுகைவிட வ.

பிப். 8, சனி

படுத்தால் எதிரே சுவர். சுவரில் சீட்டு. வேறு வேலை இல்லாமல் எழுத்துக் கூட்டினேன்.

ஐந்தாவது வரி. நி. அடுத்தது மி இல்லை. வேறு எழுத்து. று. நி-று-த்-த-வு-ம்.

மறுபடி கூட்டினேன். அதேதான். வலித்தால் நிறுத்தவும்.

முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்துவிட்டு நடுவை நானே போட்டுக்கொண்டேன். டீச்சர் எத்தனை தடவை சொன்னார், "நடு எழுத்தை முழுங்காதீங்க ஐயா, அது சோறு இல்லை" என்று.

சிரித்தேன். வ. சிரிப்பை நிறுத்தினேன், சீட்டுப்படி.

பேச்சியிடம் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லவேளை. நாலாவதைத் 'தூங்கக் கூடாது'ன்னு படிக்காம விட்டீங்களே!"

தப்பு என்னுடையது. கண்டுபிடித்ததும் நான்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப். 11, செவ்வாய்

இந்த வழியாகப் போன செல்லையா எட்டிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடம், வீட்டுக்குள் மட்டும் நடை. பிறகு ஒரு காலுக்கு மூன்று தடவை, அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

"லேசா இழுத்தா பரவாயில்ல ஐயா. குத்தினா அங்கேயே நிறுத்துங்க. கால் மரத்துப்போனா உடனே ஓடி வாங்க."

"ஓடியா?"

"சரி, ஆள் அனுப்புங்க."

பிப். 14, வெள்ளி

மூன்று, மூன்று. வ. இல்லை.

ஃபெர்ரி ஏறும் ஜெட்டி வரை நடை. பாதியில் கல்லில் உட்கார்ந்தேன், வெட்கப்படவில்லை.

வாசலில் படாக்கு மரத்துண்டு, ஒரு சாண் உயரம். சுவரைப் பிடித்து ஏறி இறங்கப் பழகுகிறேன். நல்ல கால் (இடது) முதலில் மேலே. பேச்சி எண்ணுகிறாள். ஆறுக்கு அப்புறம் எட்டு என்கிறாள், நான் சீக்கிரம் உட்காரட்டும் என்று.

வாங்க: விளக்கெண்ணெய், பென்சில், அக்காவுக்குப் பாய்.

பிப். 18, செவ்வாய்

ஐந்து, ஐந்து. மரத்துண்டு எட்டுத் தடவை, ஏழையும் சேர்த்து. வ. கொஞ்சம், இழுக்கும் வ. மட்டும்.

ழ எழுத வந்துவிட்டது. ஏழு, வாழை, பழம், மழை. பக்கம் முழுக்க எழுதலாம் போல இருக்கிறது.

பிப். 20, வியாழன்

கடல் ஏறியிருந்தது. படகின் விளிம்பு படியைவிட உயரம், என் மரத்துண்டைவிட ஒரு விரல் கூட. இடது காலை மேலே வைத்தேன். எழும்பும்போது முதுகில் குத்தல். காலைத் திரும்ப எடுத்துப் படியிலேயே நின்றேன்.

படகுக் கலாசி கத்தினான், "ஜல்தி பாபா, ஜல்தி!" சீக்கிரமாம். பின்னால் ஆட்கள், கூடைகள், ஒரு கோழி. ஒருவன் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வந்தான்.

"ருக்கோ!" என்றேன். நிறுத்து என்று. என் குரலா அது? எல்லோரும் நின்றார்கள். கோழிகூட.

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பேச்சி பக்கத்தில் நின்று உரக்க எண்ணினாள், ஏழை விடாமல். பத்தில் குத்தல் அடங்கியது. இடது கால் மேலே. வலது காலும் வந்தது. படகில் நான்.

கலாசி சிரித்தான். "ஷாபாஷ், போரா!" போகட்டும். தானாக ஏறிய மூட்டை நான் ஒருவன்தான்.

ஹேடோ. கப்பல் ஏணியில் அக்கா, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

"ஏலே, கெழவனாயிட்டியே!"

"உன்னைவிட நாலு வயசு சின்னவன்தான்."

"எனக்கு முட்டி போச்சுல. உனக்கு?"

"முட்டியும் முதுகும்."

"ஆம்பளைப் பிள்ளைன்னு உனக்கு ஒரு பங்கு கூடக் குடுத்திருக்காங்க" என்று என் முகத்தைத் தடவினாள்.

பிப். 21, வெள்ளி

வெயில். அக்காவின் முட்டியில் வீக்கம். முதலில் டாக்டர் பாபு பார்க்கட்டும், அதுவரை எதுவும் செய்ய வேண்டாம் என்றேன். சீட்டையாவது படித்துக் காட்டு என்றாள். ஐந்து வரியும் படித்தேன்.

"அஞ்சாவதை இன்னொரு தடவை படில."

று மேல் விரலை வைத்துக்கொண்டு படித்தேன்.