மிதிக்கத் தகுந்த பெயர்

முருகன் துணை

ஈப்போ,
3 மார்ச் 2024

அன்புள்ள மச்சான் சூசைநாதனுக்கு,

இராமசாமி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் முழங்கால் தவிர. பெட்ரீசியாவுக்குப் போன் போட்டேன். "அப்பாவுக்கு இப்ப சுத்தமா காது கேக்காது மாமா. வாட்ஸப் பாக்கவும் மாட்டாரு லா. கடுதாசி போட்டா படிப்பாரு" என்றாள். தபால்தலை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், நான் அருங்காட்சியகத்திலிருந்து தப்பி வந்தவன் என்று நினைத்திருப்பாள்.

விஷயம் இதுதான். பழைய டவுனில் ஒரு சந்து முழுக்க, இந்த ஊரில் பேரெடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டித் தரையில் பதிக்கிறார்கள். பந்து ஆடியவர், பாட்டுப் பாடியவர், ஒரு பல் வைத்தியர். பல் வைத்தியர் ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் அவரிடம் பயம். அந்த வரிசையில் நானும் உண்டு, ரப்பர் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் ஆட்களைச் சிரிக்க வைத்ததற்காக.

மேடையில் நாங்கள் இரண்டு பேர் என்று கல் பதிக்கிற குழுவில் சொன்னேன். கித்தா மரத்தில் ரப்பர் பாலைப் பிடிக்கிற கிண்ணம் மங்கு, அது நான். பாலை ஊற்றிய பிறகும் அந்தக் கிண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒட்டுப்பால், அது என் மச்சான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு கல்லுக்கு ஓர் ஆள் என்றார்கள். டிவியில் தனியாக வந்தது நான் என்பதால் கல் எனக்காம்.

மே மாதம் திறப்பு. நீ வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். நாம் கடைசியாகச் சேர்ந்து மேடையேறிய அந்த ஈப்போ மண்டபத்து நிகழ்ச்சி முடிந்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் லூமுட்டுக்குப் போய்விட்டாய். ஏன் என்று இத்தனை வருடம் நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வா, அவ்வளவுதான்.

உன்,
மங்கு


மாதா துணை

லூமுட்,
14 மார்ச் 2024

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. என் மனமார்ந்த வாழ்த்து. பெட்ரீசியா அதை வாசித்துவிட்டு அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வந்தாள். எதிர்வீட்டுக் கடற்படைக்காரர் உன்னைப் பல் வைத்தியர் என்று புரிந்துகொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம். தரையிலா பதிக்கிறார்கள்? நாம் காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள். இராமசாமி என்று வெட்டினால், ராமரையும் சாமியையும் ஒரே எட்டில் மிதித்துக்கொண்டு போவார்கள். உங்கள் கோயில்காரர்கள் சும்மா இருப்பார்களா?

நான் வரவில்லை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சிரிக்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உன் பேருக்கு நல்லதில்லை. கல் உன்னுடையது. மேடைப் பேர் ஒட்டுப்பால் என்பதற்காக, அழைக்காத இடத்தில் போய் ஒட்டிக்கொள்ள முடியாது.

இங்கே நெத்திலி நன்றாக இருக்கிறது. பெட்ரீசியா ஒரு பொட்டலம் அனுப்புகிறாள்.

அன்புடன்,
சூசைநாதன்


ஈப்போ,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள மச்சான்,

நெத்திலி வந்தது; நீ வரவில்லை என்பதை அதன் மூலம் ஈடுகட்ட முடியாது.

உன் வாக்குப் பலித்துவிட்டது. கோயில் செயலாளர் ஜெயபாலன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, சாமி பேர மிதிக்கலாமா?"

"என் பேர்தான்யா அது. என்னை மிதிக்கட்டும்."

"உங்கள மிதிக்கிறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. சாமிய மிதிக்கக்கூடாது."

கல்லைச் சுவரில் பதிக்கலாமே என்று குழுவின் அதிகாரி புவான் ரொஸ்னாவிடம் கேட்டேன். சுவரில் பதித்தால் அது நடைபாதை ஆகாதாம். சரி, மேடைப் பேரைப் போடுங்கள், மங்கு என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலாயில் ஒருவரை மங்கு என்றால் மடையன் என்று அர்த்தம். பொது இடத்தில் நடக்கிறவர்களை நகரமே திட்டுவது போல் இருக்கும் என்று மரியாதையாகச் சொன்னார். முப்பது வருடம் மேடையில் என்னைக் கூட்டம் எப்படி விளங்கிக்கொண்டது என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது.

மங்குக்குப் பதில் 'சாவான்' என்று போடலாமா என்று கேட்டார். மலாயில் கோப்பை. தமிழில் ஒருவன் பெயருக்கு அது எப்படி இருக்கும் என்று நீயே சொல்லிப் பார்.

ஆக, சாமியும் இல்லாத, திட்டும் இல்லாத, சாவும் இல்லாத பெயர் ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒன்று தோன்றியிருக்கிறது.

உன் நாற்காலி என் இடப்பக்கம். பெட்ரீசியாவிடமும் சொல்லிவிட்டேன்.

மங்கு (எழுதலாம், மிதிக்கக்கூடாது)


ஈப்போ,
20 மே 2024

அன்புள்ள மச்சான்,

உன் பதில் வரவில்லை. விழா முடிந்துவிட்டது.

துணியை விலக்கினார்கள். தமிழ் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பேச அழைத்தார்கள். தயாரித்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. வாயில் நம் முதல் வரிதான் வந்தது.

"என்னா மச்சான், பசியாறியாச்சா?"

சொல்லிவிட்டு வழக்கம்போல இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். காலி நாற்காலி. அதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் நன்றாகச் சிரித்தது. நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

கல்லில் என்ன பெயர் என்று எழுத மாட்டேன். ஈப்போ பக்கம் வந்தால் பார். வராவிட்டால் இதற்கு மேல் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இராமசாமி


மாதா துணை

லூமுட்,
6 ஜூன் 2024

அன்புள்ள மச்சான்,

"நீயே காலி மங்கு, நான் எங்க பசியாற?"

பதில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. முதலில் கல்லைப் பார்க்க வேண்டியிருந்தது. பந்து ஆடியவரைத் தாண்டி, பல் வைத்தியரைச் சுற்றிக்கொண்டு போனேன். உனக்குக் கொடுத்த கல்லில் என் மேடைப் பெயர் இருக்கிறது. உன் பெயர் எங்குமே இல்லை. மங்கு என்று பெயர் வைத்தது சரிதான், புவான் ரொஸ்னா சொன்ன அர்த்தத்தில்.

நீ கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன். காது போக ஆரம்பித்தது உனக்குத் தெரிவதற்கு நெடுநாள் முன்பே. தோட்டத்தில் பலகை மேடை. கூட்டம் சிரித்துத் தரையை உதைத்தால் பலகை அதிரும். அது என் கால் வழியாக ஏறும். அடுத்த வரியை எப்போது சொல்வது என்று கால் சொல்லிவிடும். ஈப்போ மண்டபத்தில் சிமெண்டுத் தரை. அன்று என் காலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்துக் காத்திருந்தாய். நான் கூட்டத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். அதனால்தான் போனேன். உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்மேல் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கல் கல்தான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அதைக் கூட்டி வாசித்துவிட்டுத் தோழியைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்து போகவில்லை.

ஒரு குறை. கல் வெட்டியவருக்குக் கம்ப்யூட்டர் ஏதோ துரோகம் செய்திருக்கிறது. ஒட்டுப்பாலில் 'ப்' விழவில்லை. ஒட்ட வேண்டிய எழுத்து மட்டும் ஒட்டாமல் போயிருக்கிறது. ஒட்டுக்கும் பாலுக்கும் நடுவே இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. நீ போய்ச் சண்டை போட்டுத் திருத்தி வைக்காதே.

சனிக்கிழமை காலை பசியாற உன் வீட்டுக்கு வருகிறேன். பிறகு இருவரும் போவோம். எழுத்து விழாத அந்தக் காலி இடம் ஓர் ஆள் நிற்க அளவாக இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நீ அதில் நில்.

உன்,
ஒட்டுபால்