பத்து நிமிடத் தூக்கம்

மார்ச் 3

தங்கைக்கு,

வரிசையில் நின்ற நாற்பது பேர் பார்க்க, என் கையிலிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கினாய். அது தவறு. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெத்தைக் கம்பெனியின் பெயரை வண்டி முழுக்க எழுதி, ஓடுகிற வண்டியில் ஜனங்களைப் பத்து நிமிடம் இலவசமாகப் படுக்க வைத்தால் மெத்தை விற்கும் என்பது உன் யோசனை. அலுங்காமல் ஓட்ட நான்தான் வேண்டுமென்று வீடு தேடி வந்ததும் நீதான்.

அந்த நர்ஸ் அம்மா இரண்டு ஷிப்ட் முடித்து வந்தவர். படுத்ததும் தூங்கிவிட்டார். முதுகுக்குப் பின்னாலிருக்கும் சின்ன ஜன்னல் வழியாக அவர் மூச்சு எனக்குக் கேட்டது. மர நிழல்கள் திரைச்சீலையில் மீன்களாக நீந்தின. வண்டி தரையில்தான் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம். எழுப்ப மனம் வரவில்லை. இன்னொரு சுற்று போனேன். அதற்கா இவ்வளவு?

உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்னொரு சுற்று இல்லை, பதினொரு சுற்று. ஒவ்வொரு முறையும் கையை ஆட்டினேன். என்னைப் பார்த்துக்கொண்டே போனாய்.

"டிரைவரும் தூங்கிட்டாராம்மா?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அவரு எங்கண்ணன். முழிச்சிக்கிட்டேதான் இப்படிச் செய்வாரு" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கம்பெனி மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சாவியை நான் வாங்காவிட்டால் அவர் வாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடு. இல்லையென்றால் வேறு டிரைவர் வருகிறார். "அவர எழுத வைக்கிறதுக்குப் பதிலா அந்த வண்டிய நானே தள்ளிட்டுப் போயிடலாம்" என்கிறார் அண்ணி. இருந்தாலும் கேட்கிறேன். நீ ஓட்டாத வண்டியோடு ஊர் ஊராக அலைய எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கை


மார்ச் 8

தங்கைக்கு,

எழுதமாட்டேன்.

நேற்று அந்த நர்ஸ் அம்மாவை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "கடல் மேல போயிட்டே இருந்தேங்க. கரையில யாருமே என்னைக் கூப்பிடல" என்றார். அதற்கு நான் எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்பது?

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். புது டிரைவர் வேகத்தடைக்கு இருபதடி முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்; ஹாரனைத் தொடக்கூடாது. மேனேஜர் ஒரு நாளாவது செருப்பைக் கழற்றிவிட்டு அதில் படுத்துப் பார்க்க வேண்டும். உன் அண்ணி என் சீருடையைத் துவைத்துக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொல்லிவிட்டேன். நீ, பத்தாவது நிமிடம் உள்ளே போய், தூங்குகிறவரின் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும். அதற்கு ஆள் வைக்கக்கூடாது. ஒரே ஒருவரை எழுப்பி இறக்கிவிட்டு, வந்து என்னிடம் சொல். அன்றைக்கே அந்த ஒரு வரியை எழுதித் தருகிறேன்.

அண்ணன்