நூலால் கட்டிய கறுப்பு ஊசிகள்

அண்ணா,

உன்னோடு ஆராய்ச்சி செய்தவர் இன்று வந்து, உன் நோட்டையும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியையும் கொடுத்தார். குப்பியைப் பார்த்ததும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

போன புரட்டாசியில் லீவுக்கு வந்தபோது அதை எடுத்து வந்தாய். உள்ளே தலைமயிர் பருமனில் கறுப்பு ஊசிகள். பல வாரம் அசையாமல் வைத்து நீ வளர்த்த படிகங்கள். "வரப்புல நடக்குற மாதிரிதான். கரண்ட் நீளவாக்குல சுலபமா போகும், குறுக்கே தாண்டத்தான் கஷ்டம்" என்றாய். நன்றாக அழுத்தி, மிகவும் குளிரவைத்தால் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையே இல்லாமல் ஓடுமாம். மீகடத்தல் என்று பெயர் சொன்னாய். சாதாரண உலோகத்தில் ஜோடி சேர்ப்பது எது என்று தெரியும், இதில் தெரியவில்லை, ஒன்றையொன்று தள்ளுகிற குணமே சேர்த்துவைக்கிறதோ என்று சந்தேகம் என்றாய்.

அப்பா, எப்போதும் தன்னோடு மல்லுக்கு நிற்கும் அம்மாவை ஒருமுறை பார்த்தார். "இதுக்கா மெட்ராஸ் போன? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அந்த வாரம் கூலிப் பேச்சு முடியவில்லை. சங்கத்துக்காரர்கள் வயலில் கொடி ஊன்றியிருந்தார்கள், யாரும் நடவுக்கு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டு நாற்று பறித்தே பழகிய என் கை சும்மா இருக்கவில்லை. நீ குளிக்கப் போன நேரம், காட்டுவதற்காக நீ தட்டில் பரப்பியிருந்த ஊசிகளை ஒரே வாக்கில் அடுக்கி, தையல் நூலால் நாற்றுக் கற்றையை முடியாகக் கட்டுகிற மாதிரி கட்டினேன். இறுக்கும்போது நறநறவென்றது. பயந்துபோய் அவிழ்த்துக் குப்பியில் போட்டுவிட்டேன். நீ திரும்பி வந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தாய். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சித்திரையில் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் உழைப்பைக் கெடுத்தது நான்தான் என்று யாரிடம் சொல்வேன்?

நோட்டு முழுக்க ஆங்கிலம். ஒரு பக்கத்தில் மட்டும் தமிழ்: "தங்கச்சி கட்டிய முடியிலிருந்து. குறுக்கே முறியவில்லை, நீளவாக்கில் பிளந்திருக்கிறது. அழுத்தக் கலத்தில் அடங்கியது இந்த மெல்லிய துண்டுதான். இன்று தடை பூஜ்யம்." பக்கத்தில் ஒரு வெள்ளை நூல் பிசிறை ஒட்டியிருந்தாய்.

இது நல்லதா என்று வந்தவரிடம் கேட்டேன். "இதுக்காகத்தாம்மா அவன் ரெண்டு வருஷமா உட்கார்ந்திருந்தான்" என்றார்.

அவர் போனபிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அழுது முடித்தபோது நன்றாகப் பசித்தது. சித்திரைக்குப் பிறகு இன்றுதான் சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். அம்மா என்னையே பார்த்தாள்.

நாளை குறுவை நடவு. இந்த முறை கூலிப் பேச்சு முடிந்துவிட்டது. இனி எந்த முடியைக் கட்டினாலும், இறுக்குவதற்கு முன் என் விரல் கொஞ்சம் நின்றுதான் இறுக்கும்.