மை இழுபடாத பக்கம்

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனின் பறப்புக் குறிப்பேட்டில் கடைசிப் பக்கத்தில் மட்டும் மை இழுபடவில்லை. இடது கையால் எழுதுகிறவர் அவர். வரிக்கு வரி மை தேய்ந்திருக்கும். சட்டைக் கையும் கறையாகும், துவைக்கும்போது திட்டுவேன். பயிற்சி விமானம் விழுந்து அவர் இறந்த அன்று காலை அவர் எழுதியதாகக் காட்டும் பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது: "எஞ்சின் நன்றாக உள்ளது."

லீவில் வந்தபோது என்னிடம் வேறு மாதிரி சொன்னார். "அந்த எஞ்சின் கிழவன் மாதிரி இருமுதுடி. சொன்னா, யுத்த நேரத்துல நொட்டை சொல்றியாங்கறாங்க."

இன்று காலை முகாம் அதிகாரி வந்தார்.

"பாவம், அவரே செஞ்ச தப்பும்மா. அந்த நோட்டு மட்டும் தவறி வந்துடுச்சு, குடுத்துடு."

அதோடு வந்த அண்ணனின் கைக்கடிகாரத்தையோ பெட்டியையோ கேட்கவில்லை.

"அதைப் பாக்க மனசு தாங்கலை சார், அடுப்புல போட்டுட்டேன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்லதாப் போச்சு" என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

தவறு அண்ணனுடையது என்று ஒப்புக்கொள்ளும் காகிதம் உங்களுக்கு வரும் என்று போகும்போது சொன்னார். கையெழுத்துப் போடாதீர்கள், அண்ணி.

ஜீப் தெருமுனை திரும்பியதும் அரிசிப் பானைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தேன். இந்தக் கடிதத்தோடு வைத்துத் துணியில் தைத்து உங்களுக்கு அனுப்ப, ஊசியில் நூல் கோத்துவிட்டேன்.

உங்கள் வாயில்லாப்பூச்சி